பின்பனியில் பாத்தி: கொத்துவதா, உரம் பரப்புவதா, மூடி வைப்பதா?

உறைபனி விழும் ஊர்களில் தோட்டம் போடுகிறவர்களுக்குப் பின்பனிக் காலம் ஒரு அவஸ்தை. பகல் நீள ஆரம்பித்துவிடும், கை பரபரக்கும், ஆனால் மண் இன்னும் சில்லென்று ஈரமாகக் கிடக்கும். இந்த வாரங்களில் பாத்தியை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு: கொத்திப் புரட்டுவது, புரட்டாமல் மேலே மக்கு உரம் பரப்புவது, கறுப்புத் தார்ப்பாயால் மூடி வைப்பது. எதைச் செய்தாலும் பயிர் வரும். ஆனால் எல்லா மண்ணுக்கும் எல்லாம் பொருந்தாது.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கொத்தாத மண்ணில் நடுவதற்கு மனசு ஒப்பாது. கொத்துவதில் ஆதாயம் இல்லாமலும் இல்லை. கிளறிய மண்ணில் நீர் சீக்கிரம் வடியும், வெயிலில் சீக்கிரம் சூடேறும். கட்டட வேலையில் மிதிபட்டு இறுகிய இடத்தையோ, பல வருடம் நடைபாதையாகக் கிடந்த இடத்தையோ ஒருமுறையாவது ஆழமாக நெகிழ்த்திக் கொடுத்தால்தான் வேர் சீக்கிரம் இறங்கும்.

சிக்கல் பருவத்தில்தான். பனி உருகி, மழையும் சேர்ந்து சொதசொதவென்று இருக்கும் களிமண்ணை வெட்டினால், காற்றும் நீரும் போய்வரும் நுண்துளைகள் நசுங்கிவிடும். காய்ந்ததும் அது கெட்டிக் கட்டியாகும், அந்தக் கட்டிகளோடு அந்தப் பருவம் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே மண்வெட்டியை எடுக்குமுன் பதம் பாருங்கள். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. பிடித்த வடிவத்திலேயே பளபளப்பாக நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். மேல்மண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது, அது காற்றில் முதலில் உலர்ந்துவிடும்.

இன்னொரு இழப்பும் உண்டு. களை விதைகள் மண்ணுக்குள் பல வருடம் உறங்கிக் கிடக்கும். சிறிய விதைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் அவற்றில் ஒரு பங்கை நாமே மேலே கொண்டுவருகிறோம்.

உரம் பரப்பும் வழியில் இந்தத் தொல்லை குறைவு. ஏற்கனவே பயிர் செய்த பாத்தியின் மேல் 5 செ.மீ. கனத்துக்கு நன்றாக மக்கிய உரத்தைப் பரப்பிவிட்டு, அதிலேயே நடுவது. கீழே இழுத்துச் செல்லும் வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும். உழைப்பும் கொத்துவதில் பாதிகூட இல்லை, முதுகும் தப்பிக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் உரம், 10 சதுர மீட்டருக்கு 500 லிட்டர். புல் மண்டிய புது இடமென்றால், டேப்பை உரித்த அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, அதன் மேல் 10 முதல் 15 செ.மீ. வரை போட வேண்டும். அப்போது தேவை இரண்டு மூன்று மடங்காகிவிடும். சொந்தமாக உரக்குழி இல்லாதவருக்கு முதல் வருடச் செலவு கனமானது.

இங்கே பலர் தடுமாறுவது, உரத்தையும் வைக்கோல் மூடாக்கையும் ஒன்றாக நினைப்பதில். கறுத்த மக்கு உரம் வெயிலை உறிஞ்சும். கனமான வைக்கோலோ மரச்சிராய்த் துண்டுகளோ அப்படியல்ல, கீழேயுள்ள குளிரைக் கலையாமல் காத்து வைக்கும். குளிருக்கு முன் போட்ட வைக்கோல் பாத்தியில் இருந்தால், விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒதுக்கிவிடுங்கள். மண் சூடேறியபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, தார்ப்பாய். வெளிச்சம் புகாத கறுப்பு விரிப்பைப் போட்டு ஓரங்களில் கல் வைத்து அழுத்திவிட்டால், உள்ளே முளைக்கும் களை வெளிச்சமின்றிச் செத்துப்போகும். மழையும் உள்ளே இறங்காது, அதனால் பக்கத்துப் பாத்தியைவிட முன்பே மண்ணுக்குப் பதம் வரும். நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும் என்பார்கள். அதை மண் உறைந்து கிடக்கும் நாளிலிருந்து எண்ணக்கூடாது. களை முளைத்தால்தானே சாகும்? முளைப்பதற்குக் கொஞ்சம் கதகதப்பு வந்த பிறகுதான் கணக்கு ஆரம்பம். ஆழ வேரோடும் பல்லாண்டுக் களைகள் இதற்கெல்லாம் அசையாது. ஓடில்லா நத்தைகளும் அடியில் குடியேறும், எடுக்கும் அன்று அவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். அது மண்ணை இன்னும் நன்றாகச் சூடேற்றும்தான், கூடவே களையையும் வளர்க்கும். வெப்பத்தால் களையைக் கொல்ல உச்சிக்கோடை வெயில் தேவை.

என் தேர்வு இதுதான். பழகிய பாத்திக்கு உரம் மட்டும். களை மண்டிய இடத்துக்கு இப்போதே தார்ப்பாய், அதை எடுத்ததும் உரம். இறுகிய மண்ணுக்கு மட்டும், பதம் வந்தபின், கார்டன் ஃபோர்க்கை ஆழக் குத்தி முன்னும் பின்னும் அசைத்து நெகிழ்த்துவது. அங்கேயும் மண்ணைத் தலைகீழாகப் புரட்ட மாட்டேன்.

விதை விஷயத்திலும் இதே மாதிரி ஒரு போட்டி உண்டு: வீட்டுக்குள் ஜன்னலோரக் குழித்தட்டா, வெளியே பனியில் வைக்கும் பிளாஸ்டிக் கேனா?

தக்காளி 20 முதல் 27 டிகிரி செல்சியஸில் நன்றாக முளைக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு பிடிக்கும். இந்த மூன்றுக்கும் வீட்டுக்குள் இடம் கொடுத்தே ஆக வேண்டும். கடைசி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, தக்காளியை 6 முதல் 8 வாரம் முன்பும், மிளகாயை 8 முதல் 10 வாரம் முன்பும் போடலாம். ஜன்னல் வெளிச்சத்தை நம்பினால் நாற்று வெளுத்து, நூலாக நீண்டு சாய்ந்துவிடும். எல்இடி விளக்கை நாற்றுக்குச் சில செ.மீ. மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விட வேண்டும். தண்ணீர் அதிகமானால் நாற்றழுகல் வந்து மண்மட்டத்தில் தண்டு கருகி மடியும். நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் வெளிக்காற்றுக்குப் பழக்கவும் வேண்டும். ஆசையில் சீக்கிரம் விதைத்து, வேர் சுற்றிக்கொண்ட நெட்டை நாற்றை நடுவதைவிட, இரண்டு வாரம் தாமதமாக விதைத்த குட்டை நாற்று மேல். நட்ட பிறகு அதுதான் முந்தும்.

கேன் முறைக்கு இந்தப் பராமரிப்பெல்லாம் வேண்டாம். வெளிச்சம் ஊடுருவும் பால் கேனை நடுவில் வெட்டி, அடியில் துளையிட்டு, 8 முதல் 10 செ.மீ. மண்கலவை போட்டு விதைத்து, மேல்பாதியை ஒட்டிவிட்டு, மூடியை மட்டும் கழற்றி வெளியே வைத்துவிடலாம். தனக்கு ஏற்ற நாள் வரும்போது விதை தானே முளைக்கும், குளிருக்குப் பழகியே வளரும். கேல் கீரை, பசலை (கொடிப்பசலை அல்ல, ஸ்பினாச்), லெட்யூஸ் எல்லாம் இதற்கு அருமையானவை. லெட்யூஸ் விதை 5 டிகிரியிலேயே முளைக்கும், சூடு அதிகமானால்தான் முரண்டு பிடிக்கும். குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும் மில்க்வீட் போன்ற பூச்செடிகளுக்கு இது வீட்டுத் தட்டைவிட நிச்சயம் மேல். ஒரே ஒரு எச்சரிக்கை: வெயில் ஏறும் நாளில் உள்ளே வெந்துவிடும், மேல்பாதியைத் திறந்துவிடுங்கள்.

கேரட், பட்டாணிக்கு இரண்டும் வேண்டாம். கேரட்டின் வேரைப் பிடுங்கி நட்டால் கிளைத்துக் கோணலாகும். பாத்தியிலேயே நேரடியாக விதையுங்கள், மண் 7 டிகிரியைத் தொட்ட பிறகு.

கவாத்து, அதாவது கிளை வெட்டுவது பற்றிச் சுருக்கமாக. புதுக்கிளையில் பூக்கும் ரோஜா வகைகளையும், ஆப்பிள், பேரி மரங்களையும் மொட்டு வெடிக்குமுன் இப்போதே வெட்டலாம். லைலாக், ஃபோர்சித்தியா போன்ற பூப்புதர்கள் போன வருடக் கிளையிலேயே மொட்டு வைத்திருக்கும். இப்போது கத்தரியை வைத்தால் இந்த வருடப் பூ போச்சு, பூத்து முடிந்தபின் வெட்டுங்கள். ப்ளம், செர்ரி மரங்களைக் கோடையில் தொடுவதே பாதுகாப்பு. குளிரும் ஈரமுமான நாளில் வெட்டிய காயத்தின் வழியாக வெள்ளியிலை நோய்ப் பூஞ்சணம் புகுந்துவிடும்.