மூணு வருஷ வஜ்ராசனம்: என்னோட அனுபவம்

ராத்திரி சாப்பிட்டா வயிறு உப்பிக்கும், படுத்தா நெஞ்சு கரிக்கும், அதுக்காகத்தான் வஜ்ராசனம், அதாவது முட்டி போட்டு காலைப் பின்னால மடக்கி குதிகால் மேல உக்கார்ற ஆசனம், ஆரம்பிச்சேன். மத்த ஆசனமெல்லாம் வெறும் வயித்துலதான், இதை மட்டும் சாப்பிட்ட கையோட செய்யலாம்னு யோகா சொல்லித் தர்றவங்க எல்லாருமே சொல்லுவாங்க.

முதல் வாரமே தப்பு பண்ணேன். டிவி பாத்துட்டே 20 நிமிஷம் அசையாம உக்காந்துட்டு, போன் அடிக்கவும் டக்குனு எந்திரிச்சேன், இடது கால் மரத்துக் கட்டையாயிடுச்சு, பாதத்தைத் தூக்கவே வரல, கட்டிலைப் பிடிச்சுட்டு நின்னேன். முட்டிக்குக் கீழ வெளிப்பக்கமா தடவினா ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும் பாருங்க, பாதத்தைத் தூக்குற தசைக்குப் போற நரம்பு அதைச் சுத்தித்தான், தோலுக்கு ரொம்பக் கிட்டவே போகுது. மடக்கியே ரொம்ப நேரம் இருந்தா அது அழுந்தும். இப்படி உக்காந்தே பாதம் தூக்க முடியாமப் போனவங்க நிஜமாவே இருக்காங்க, அதனால மரத்துப் போனா பழகிடும்னு விட்டுடாதீங்க ப்ளீஸ், உடனே காலை நீட்டிடுங்க.

மொசைக் தரையில வெறும் கோரைப்பாய் போட்டு உக்காந்தப்போ பாதத்து மேல பாய் வரி அப்படியே செவசெவன்னு பதிஞ்சிருக்கும். இப்ப கணுக்காலுக்கு அடியில ஒரு துண்டைச் சுருட்டி வச்சுக்குவேன், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவுல பழைய போர்வைய நாலா மடிச்சு வச்சுக்குவேன், பாதி வலி அதுலயே போயிடுச்சு. கட்டைவிரல் ரெண்டும் தொட்டுக்கணும், குதிகால் விலகியிருக்கணும், அந்தக் குழியிலதான் உக்காரணும். 2 நிமிஷத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தி இப்ப 10 நிமிஷம். எந்திரிக்கும்போது கைய ஊனி ஒவ்வொரு காலா நீட்டி, பாதத்தை நாலு தடவை ஆட்டிட்டுத்தான் நிப்பேன்.

உப்புசம் நல்லாவே குறைஞ்சிருக்கு, ஆனா அதே சமயம் சாப்பாட்டையும் 8 மணிக்கு மாத்திட்டேன், அதனால முழுக்க ஆசனத்தாலதான்னு சொல்ல மாட்டேன். முதுகு விஷயத்துல சந்தேகமே இல்ல, சம்மணம் போட்டா அஞ்சு நிமிஷத்துல கூன் விழுற எனக்கு இதுல தன்னால நிமிர்ந்துடுது. எடையெல்லாம் குறையல.

முட்டி தேய்மானம், ஜவ்வு கிழிஞ்சது, முட்டி ஆபரேஷன் பண்ணவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே வேண்டாம். எங்க அம்மாவுக்கு முட்டி தேய்மானம், அவங்களை நான் மடக்க விடுறதே இல்ல. சாப்பிட்டதும் நாற்காலிய என் பக்கத்துல இழுத்துப் போட்டு, பாதம் தரையில படிய, முதுகு சாயாம என்கூடவே 10 நிமிஷம் உக்காருவாங்க.