நட்டு வளர்ப்பதா, விட்டு வளர்ப்பதா?

2050க்குள் நிலப்பரப்பில் 16.5 சதவீதம் மரப்போர்வை வேண்டும் என்று இங்கிலாந்து சட்டப்படி இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு இரண்டு வழிகள்: கன்று நடலாம், இல்லை நிலத்தைச் சும்மா விட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

நடுவதில் வேகம் உண்டு, கணக்குக் காட்டவும் எளிது. அரசுகளுக்கு அது பிடிக்காமல் இருக்குமா? ஆனால் இடம் தப்பினால் போச்சு. 1980களில் வரிச்சலுகைக்காக ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கண்ட்ரி சதுப்பில் வாய்க்கால் வெட்டி ஊசியிலை மரங்களை நட்டார்கள். நீர் வடிந்ததும், பல்லாயிரம் ஆண்டுகளாகச் செடிகொடிகள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்திருந்த பீட் மண் மேலும் மட்கி கார்பனை வெளியே விட ஆரம்பித்தது. 1988இல் சலுகை நின்றது. அப்புறம் அதே மரங்களை வெட்டி, அதே வாய்க்கால்களை அடைக்கும் வேலை வந்து சேர்ந்தது.

சரி, சும்மா விட்டால்? கேம்பிரிட்ஜ்ஷயரில் மாங்க்ஸ் வுட் காட்டை ஒட்டிய வயல் ஒன்றை 1961இல் அப்படியே விட்டார்கள். முதலில் முட்புதர் மண்டியது. பார்க்கப் பாழ்நிலம்தான். ஜே பறவைகள் பின்னால் தின்ன ஓக் கொட்டைகளை மண்ணில் புதைத்துவிட்டு மறந்தன. முளைத்த கன்றுகளை மானும் முயலும் மேயாதபடி முள்ளே வேலியானது. நட்ட கன்றுகளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறை வேண்டியிருக்கவில்லை. இன்று அங்கே ஓக் காடு நிற்கிறது.

பக்கத்தில் விதை தரும் பழைய காடு இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். சுற்றிலும் வெறும் வயலென்றால் ஜே எங்கிருந்து கொண்டுவரும்? அங்கே மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான்.