மிக்-21 பைசன்: குறைந்த காசில் நல்ல ரேடார், மாறாத எஞ்சின்

பழைய போர் விமானத்துக்குப் புது ரேடாரும் புது மின்னணுக் கருவிகளும் பொருத்தும் திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் நம் விமானப்படை புதுப்பித்த மிக்-21 பைசன் என்றுதான் சொல்வேன். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21களுக்கு விடை கொடுத்தாகிவிட்டது. முழு வாழ்க்கையும் முடிந்துவிட்டதால், வாங்கிய நாளின் விளம்பரத்தை நம்பாமல் முதலிலிருந்து கடைசி வரை பார்த்து இப்போது மதிப்பிடலாம்.

முதலில் கையில் இருந்த சரக்கு என்ன என்று பார்ப்போம். மிக்-21பிஸ் என்ற வகை, நம் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் நாசிக்கில் உரிமம் பெற்றுக் கட்டிய விமானம். வேகம் உண்டு, சட்டென்று மேலே ஏறும். ஆனால் அதன் பழைய சப்ஃபீர் ரேடாரால் தரையை ஒட்டிப் பறக்கும் எதிரியை மேலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது, தரையிலிருந்து திரும்பி வரும் எதிரொலியில் இலக்கு காணாமல் போய்விடும். கையில் இருந்ததும் வெப்பத்தைத் தேடிப் போகும் குறுந்தூர ஏவுகணைகள்தான், பெரும்பாலும் எதிரியின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டால்தான் சுட முடியும். சோவியத் யூனியன் உடைந்து உதிரிபாகத்துக்கே திண்டாட்டம், நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸ் இன்னும் தரையை விட்டே கிளம்பவில்லை (அது முதலில் பறந்தது 2001 ஜனவரியில்). அந்த நிலையில்தான் 1996-ல் 125 விமானங்களைப் புதுப்பிக்க ரஷ்யாவுடன் ஒப்பந்தம் போட்டார்கள்.

வந்த ரேடாரின் பெயர் கோப்யோ, ரஷ்ய மொழியில் ஈட்டி என்று அர்த்தம். போர் விமான அளவுள்ள இலக்கை ஏறத்தாழ 57 கிலோமீட்டரில் கண்டுபிடிக்கும், 8 இலக்குகளைத் தொடரும், ஒரே நேரத்தில் 2 இலக்குகள் மேல் ஏவுகணையை வழிநடத்தும் என்பது கணக்கு. சுகோய்-30 ரேடாரோடு ஒப்பிட்டு இது ரொம்பக் குறைவு என்று சிலர் சொல்வது நியாயமில்லை. மிக்-21-ல் ரேடார் உட்காரும் இடம் மூக்கில் காற்று உள்ளே போகும் வாயின் நடுவிலுள்ள கூம்பு. அந்தக் கூம்பு எவ்வளவு அகலமோ அதற்குள்தான் ஆன்டெனா. கூம்பைப் பெரிதாக்கினால் எஞ்சினுக்குப் போகும் காற்றில் கை வைக்க வேண்டி வரும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பட்ஜெட் பேச்சு முழுக்க இதில்தான் நிற்கிறது. ரேடார் அனுப்பும் அலையின் சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் ரேடாரின் தூரம் இரண்டு மடங்கு ஆகாது, சுமார் 19 சதவீதம்தான் கூடும். தூரத்தை இரட்டிப்பாக்க 16 மடங்கு சக்தி வேண்டும், அதற்கான மின்சாரமும் வேண்டும், அதில் கிளம்பும் சூட்டை வெளியேற்றவும் வேண்டும், இவை எதையும் பழைய விமானத்தில் சும்மா திணிக்க முடியாது. ஆன்டெனாவின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதே சக்தியில் தூரம் இரட்டிப்பாகும், ஆனால் மூக்கு விடாது. ஆக, எந்த ரேடார் வாங்கலாம் என்பதைப் பணத்துக்கு முன்னால் மூக்கும் ஜெனரேட்டரும் முடிவு பண்ணிவிடுகின்றன. எஃப்-16-க்கு வந்த ஏபிஜி-83 ரேடார் உலகமெங்கும் விலை போனதற்கு ஒரு பெரிய காரணம், விமானத்தில் ஏற்கனவே இருக்கும் மின்சாரத்திலும் குளிரூட்டலிலுமே வேலை செய்யும்படி அதை வடிவமைத்ததுதான். பிரேசில் தன் எஃப்-5 விமானத்தில் கிரிஃபோ ரேடாரைப் பொருத்தியபோது மூக்கில் இருந்த இரண்டு பீரங்கிகளில் ஒன்றைக் கழற்றியே இடம் பிடித்தது.

சரி, பைசனுக்கு வருவோம். இதில் நான் முழு மதிப்பெண் கொடுப்பது ரேடாருக்கு இல்லை, அதைச் சுற்றிச் சேர்த்தவற்றுக்கு. ஆர்-77 ஏவுகணை கடைசிக் கட்டத்தில் தன் ரேடாரைத் தானே போட்டுக்கொண்டு தேடிப் போகும், அதனால் சுட்ட விமானம் கடைசி வரை மூக்கை எதிரி மேலேயே வைத்திருக்க வேண்டியதில்லை. ஆர்-73 ஏவுகணையும் ஹெல்மெட்டில் பொருத்திய குறிநோக்கியும் சேர்ந்ததால், விமானி தலையைத் திருப்பிப் பார்த்த பக்கமே ஏவுகணையின் கண்ணும் திரும்பியது. கூடவே விமானம் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும் பிரெஞ்சு லேசர் ஜைரோ வழிகாட்டி, எதிரி ரேடாரைக் குழப்பும் இஸ்ரேலிய ஜாமர், எதிரி ரேடார் நம் மேல் படுவதைச் சொல்லும் தரங் என்ற நம் நாட்டு எச்சரிக்கைக் கருவி. நான்கு நாட்டுச் சரக்கை ஒரே கணினியோடு பேச வைத்ததுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான சாதனை என்று நினைக்கிறேன். எந்த மேம்படுத்தலிலும் பெட்டிகளை வாங்குவது சுலபம், நாட்களைத் தின்பது வயரிங்கும் மென்பொருளும்தான்.

2004-ல் குவாலியரில் நடந்த கோப் இந்தியா என்ற இந்திய-அமெரிக்க விமானப்படைக் கூட்டுப் பயிற்சியில் அமெரிக்க எஃப்-15களுக்குப் பைசன் நல்ல சவால் கொடுத்தது என்று அமெரிக்கத் தரப்பே சொன்னது. அமெரிக்கர்கள் எண்ணிக்கையில் குறைவாகத்தான் பறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும் கண்ணுக்கும் ரேடாருக்கும் சுலபத்தில் சிக்காத சின்ன உடம்பில் நல்ல ஏவுகணை இருந்தால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது.

விலையைப் பற்றி ஒரு ஒப்பீடு. பின்னாளில் மிராஜ்-2000 விமானத்தைப் புதுப்பிக்க ஒன்றுக்கு 167 கோடி ரூபாய் ஆகும் என்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. ஆண்டனி 2013-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2000-ல் புதிதாக வாங்கிய மிராஜின் சராசரி விலையோ 133 கோடி. வந்த ரேடார் நல்ல ரேடார்தான், ஆனால் இதைக் குறைந்த பட்ஜெட் என்று யாரும் சொல்ல முடியாது. ருமேனியா செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். இஸ்ரேலிய நிறுவனமான எல்பிட்டோடு சேர்ந்து 110 மிக்-21களை லான்சர் என்று மாற்றியபோது முழு ரேடாரை வான் பாதுகாப்புக்கான விமானங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். தரைத் தாக்குதலுக்கான விமானங்களுக்குத் தூரத்தை மட்டும் அளக்கும் எளிய ரேடார் போதும் என்று விட்டுவிட்டார்கள். யாருக்கு என்ன தேவை என்று பிரித்துப் பார்த்துச் செய்த செலவு அது.

இப்போது குறைகள். 2019 பிப்ரவரி 27 அன்று நம் அபிநந்தன் பறந்தது பைசனில்தான். ஜாமருக்கு அசராத ரேடியோவும், மற்ற விமானங்களோடு தகவலைத் திரையில் பகிரும் டேட்டா லிங்கும் அதில் இல்லாதது பற்றி அப்புறம் நிறையப் பேசப்பட்டது, எனக்கு அதில் கோபமே உண்டு. பைசன் கையில் வந்த பிறகு அந்த இடைவெளியை நிரப்பப் பல வருடங்கள் இருந்தன. அந்த ரேடாரின் குறைந்த தூரத்துக்கு, வானில் பறக்கும் எச்சரிக்கை விமானம் காண்பதை நேராக விமானியின் திரைக்குக் கொண்டுவந்திருந்தால் அதுவே பாதி மருந்து.

அடுத்தது எஞ்சின். ஆர்-25 அப்படியே இருந்தது, ஒற்றை எஞ்சின், 1980களில் கட்டிய உடம்பு. புது ரேடார் மாட்டினால் உலோகத்தின் வயது குறையாது. 2023 மே மாதம் ராஜஸ்தானின் ஹனுமான்கர் பக்கம் விழுந்த மிக்-21 தரையில் இருந்த 3 பெண்களின் உயிரைப் பறித்தது. பத்து, பதினைந்து வருடத்துக்கான இடைக்கால ஏற்பாடாக இதை எடுத்துக்கொண்டால் பத்துக்கு எட்டு கொடுப்பேன். தேஜஸின் முதல் ஸ்குவாட்ரன் 2016-ல்தான் வந்தது, அதனால் இடைக்கால ஏற்பாட்டை இழுத்துக்கொண்டே போனார்கள். அந்த இழுப்புக்கான மதிப்பெண்ணைப் பேக்கேஜ் தலையில் நான் கட்ட மாட்டேன்.

இதே கேள்வி இப்போது நம் விமானப்படையின் இன்னொரு பழைய விமானமான ஜாகுவாரிடம் நிற்கிறது. டாரின்-3 என்ற மேம்படுத்தல் திட்டத்தில் அதன் மூக்குக்கு, ஆன்டெனாவைத் திருப்பாமலே மின்னணு முறையில் அலையைத் திருப்பும் இஸ்ரேலிய ஏசா ரேடார் வந்து 2018-ல் பறந்தும் காட்டியது, அருமையான வேலை. எஞ்சின் மாற்றும் திட்டம் மட்டும் செலவு தாங்காமல் 2019-ல் கைவிடப்பட்டது. சுமையேற்றிக்கொண்டு மேலே ஏறத் திணறும் பழைய அடோர் எஞ்சின்தான் இன்னும் அந்த ரேடாரைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது.