மொட்டை மாடிக் கம்பியா, லூப் ஆண்டெனாவா?

சிற்றலை ரேடியோவில் இருக்கும் ஏரியல் போதவில்லை என்றால் எல்லோரும் தடுமாறுவது மாடியில் நீளமாக இழுத்துக் கட்டும் கம்பிக்கும், வளையமாக இருக்கும் லூப் ஆண்டெனாவுக்கும் நடுவில்தான்.

செலவு: கம்பிக்கு 10 மீட்டர் செப்பு வயரும் ஒரு கிளிப்பும் போதும். ஆம்ப்ளிஃபயர் வைத்த லூப் விலை கூட, மின்சாரமும் கேட்கும்.

இரைச்சல்: விஷயமே இங்கேதான். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் கிளப்பும் கரகரப்பை, வீட்டை ஒட்டிப் போகும் கம்பி அப்படியே வாரிக்கொண்டு வரும், சின்ன ரேடியோ என்றால் வலுவான நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கேட்கும். லூப்பைத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசை இரைச்சலாவது அமுங்கும்.

பராமரிப்பு: மேகம் கறுக்கும்போதே கம்பியைக் கழற்றிவிட வேண்டும், மின்னல்! லூப் ஜன்னலோரம் சும்மா நிற்கும்.

தோப்பு வீடு என்றால் கம்பி, யோசிக்கவே வேண்டாம். அடுக்குமாடியா? சரி, லூப்புக்குக் காசு சேருங்கள்.