எங்கள் பிளஸ் டூ நினைவு மலரை அச்சடித்துக் கொடுத்த வண்ணாரப்பேட்டை அச்சகம்

பள்ளி முடிந்து போகும்போது வகுப்புக்கென்று ஒரு நினைவு மலர் போட நினைக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் வடசென்னையில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளி, வணிகவியல் பிரிவு, மொத்தம் 52 பேர். 2025 மார்ச்சில் தேர்வு எழுதியவர்கள். புத்தகம் கைக்கு வந்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. எத்தனையோ கை மாறியும் ஒரு தாள்கூட கழன்று வரவில்லை. அந்த அச்சகத்தை நம்பிப் போகலாம்.

சர் தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோடு பக்கம் நடந்தால், ஜவுளிக் கூட்டம் கொஞ்சம் குறைகிற ஒரு குறுக்குத் தெருவில் கடை. வெளியிலிருந்து பார்த்தால் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கிற இடம்தான். உள்ளே ஒரு டிஜிட்டல் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்க்கும் ஓர் அக்கா, கடையை நடத்தும் அண்ணன். ஆன்லைனில் போட்டோ புக் போடுகிறவர்களிடமும் விசாரித்தோம். அவர்கள் சொன்ன விலை எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கட்டுப்படியாகாது.

அண்ணன் முதலில் கணக்கைப் புரிய வைத்தார். அச்சுத் தொழிலில் 16 பக்கம் ஒரு பாரம். எங்களுக்கு ஏ5 அளவில் 64 பக்கம், அதாவது நான்கு பாரம். அதில் இரண்டு பாரம் கலர், இரண்டு பாரம் கருப்பு வெள்ளை என்று பிரித்தால் செலவு குறையும் என்றார். பிளேட் செய்து மொத்தமாக அடிக்கிற ஆஃப்செட்டில் போடலாமா என்று கேட்டதற்கு, சில நூறு பிரதிகளாவது அடித்தால்தான் பிளேட் செலவு கட்டும், 60 பிரதிக்கு டிஜிட்டலே போதும் என்று சொல்லிவிட்டார். ஒரு பிரதி 240 ரூபாய். ஆளுக்கு அரைப் பக்கம் எழுத்து, மீதியெல்லாம் படங்கள்.

இனி படங்களைப் பற்றி. இந்தக் கடையை நான் மெச்சுவதற்கு முதல் காரணம் அதுதான். பள்ளியில் குரூப் போட்டோ எடுத்த ஸ்டுடியோ எல்லா முகத்தையும் வெளுக்க வைத்து, பவுடர் அப்பியது போல மழமழவென்று ஆக்கித் தந்திருந்தது. எங்கள் வகுப்பில் கருப்பும் மாநிறமும்தான் அதிகம். படத்தில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். வியாசர்பாடியிலிருந்து வரும் ஒருத்தி பள்ளி அணிக்குக் கால்பந்து ஆடுகிறவள். ஆட்டத்தில் அடிபட்டு அவள் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அதையும் துடைத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் இதையெல்லாம் பார்த்துப் பழகிப்போய் ஒன்றும் சொல்லவில்லை. டிடிபி அக்காதான் திரையைப் பெரிதாக்கி, “இந்தப் பொண்ணுக்குப் புருவத்துல தழும்பு இருக்குதில்ல? ஸ்போர்ட்ஸ் டே போட்டோல பாத்தேனே” என்றார். ஸ்டுடியோவில் திருத்தாத படத்தைக் கேட்டு வாங்கி வரச் சொன்னார். டிஜிட்டல் அச்சில் நிறம் கொஞ்சம் இருட்டடிக்கும் என்பதால் அண்ணன் ஒரே ஒரு தாள் ஓட்டி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எங்களில் ஒருத்தியை நிற்கச் சொல்லி அவள் முகத்துக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி இன்னொரு தாள் ஓட்டினார். அது ஒத்துவந்த பிறகுதான் மற்றதை அடித்தார். எங்கள் நிறத்திலேயே நாங்கள் இருக்கிற குரூப் போட்டோ பலருக்கு அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

இரண்டாவது, ஒன்பதாம் வகுப்புப் பக்கங்கள். எட்டாம் வகுப்பு முழுக்க கல்வித் தொலைக்காட்சியும், வீட்டில் இருக்கிற ஒரே போனை அண்ணன் தம்பியோடு பங்கு போட்டதும்தான் எங்கள் படிப்பு. 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தபோது ஓர் அறையில் 20 பேர்தான் உட்காரலாம். இன்று ஒரு பாதி, நாளை இன்னொரு பாதி. எல்லாருக்கும் மாஸ்க். ஜனவரியில் மறுபடி மூடி 2022 பிப்ரவரி 1இல்தான் திறந்தார்கள். அந்த வருடத்துக்குக் குரூப் போட்டோவே கிடையாது. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோன சில படங்கள் மட்டும் இருந்தன. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளியாவது வேண்டுமாம். இவை பெரிதாகப் போட்டால் கட்டம் கட்டமாக உடையும். அதனால் பத்தாம் வகுப்பிலிருந்தே தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தோம்.

அண்ணன் விடவில்லை. “இத்த விட்டுட்டா நாலு வருஷம்னு எப்படிம்மா அட்டைல போடுவீங்க? சின்னதா போட்டா நல்லா வரும்” என்று சொல்லி, ஸ்டாம்பு அளவுக்குச் சுருக்கி ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டாக அடுக்கினார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரியும் முகங்கள். கீழே பெயரை அவரவர் கையெழுத்தில் எழுதி வாங்கி ஸ்கேன் செய்து சேர்த்தார் அக்கா. இப்போது யார் வீட்டில் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். கீழே கையை வைத்து மறைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பார்த்து யாரென்று சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஹால் டிக்கெட் படங்கள். 2023இல் பத்தாவது, 2024இல் பிளஸ் ஒன், 2025இல் பிளஸ் டூ என்று வரிசையாக மூன்று வருடம் பொதுத் தேர்வு எழுதியவர்கள் நாங்கள். நாங்கள் வெளியே வந்த பிறகுதான் பிளஸ் ஒன் பொதுத் தேர்வை எடுத்தார்கள். ஒரே பெண்ணின் மூன்று ஹால் டிக்கெட் முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆள் வளர்ந்தது தெரிகிறது. பதிவெண்களை மறைத்துவிடலாம் என்று சொன்னதும் அக்காதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் பிளஸ் ஒன். எர்ணாவூரிலிருந்து வரும் தோழி வீட்டில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. அவளுடைய கணக்குப்பதிவியல் நோட்டின் ஓரமெல்லாம் பழுப்புக் கறை. அதைப் படம் எடுத்துத் தன் அரைப் பக்கத்துக்குக் கொடுத்திருந்தாள். அது கருப்பு வெள்ளைப் பாரத்தில் வந்ததால் கறையே தெரியவில்லை, ஏதோ நிழல் போலக் கிடந்தது. ப்ரூஃப், அதாவது திருத்தம் பார்க்கத் தரும் மாதிரி அச்சு, பார்த்தபோது அவள் முகம் வாடிவிட்டது. அண்ணன் கலர் பாரத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து இங்கே போட்டு, அவள் பக்கத்தைக் கலருக்கு மாற்றினார். பக்கங்களை மறுபடி அடுக்கும் வேலைக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

பைண்டிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். கம் பைண்டிங் மலிவு. ஆனால் ஆர்ட் பேப்பர் வழவழப்பாக இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது, நாலு தடவை விரித்துப் பிடித்தாலே தாள் உதிரும். நூல் தையல் போடச் சொல்லுங்கள். நாங்கள் சொன்ன விலை தையலோடு சேர்த்துத்தான். கடைசி நான்கு பக்கங்களுக்கு வழவழப்பில்லாத மேப்லித்தோ தாள் கேட்டு வாங்கினோம். ஆர்ட் பேப்பரில் பேனாவால் எழுதினால் கையில் ஒட்டி இழுபடும். ஆட்டோகிராஃபுக்கு மேப்லித்தோதான் சரி. அட்டையில் ராயபுரம் ரயில் நிலையம், அதன் முன்னால் நாங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பிய இடம். எங்களில் பலர் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கு வந்தோம். மேட் லேமினேஷன் நன்றாக இருக்கிறது, ஓரம் மட்டும் லேசாகச் சுருள்கிறது.

குறைகளும் உண்டு. நாங்கள் யூனிகோடில் அனுப்பிய தமிழை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிட்டன. ‘கோ’வும் ‘சௌ’வும் உடைந்து, சில பெயர்களே வேறு பெயர்களாக நின்றன. ப்ரூஃபில் ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்கு விட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெரிய குறை தாமதம். கடைசித் தேர்வு நாளான மார்ச் 25 அன்று தருவதாகச் சொன்னார். கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்ததால் மே முதல் வாரம்தான் கிடைத்தது. கடைசித் தேர்வு அன்று என்றால் எல்லாரும் ஒன்றாக இருந்திருப்போம். அந்த வாய்ப்பு போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். மே 8ஆம் தேதி ரிசல்ட் அன்று பள்ளிக்கு வந்தவர்களுக்குக் கையில் கொடுத்தோம். வராதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோனோம்.

தாமதத்தால் இன்னொரு சிக்கலும் வந்தது. காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது அந்த வீடுகளில் மீதிப் பணத்தைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அண்ணனிடம் சொன்னோம். “தாமதம் என்னுதுதானேம்மா, போட் கடலுக்குப் போன பிறகு வாங்கிக்கிறேன்” என்றார். அப்படியே ஜூன் கடைசியில்தான் வாங்கினார். புத்தகத்தை எல்லாருக்கும் ஒன்றாகவே கொடுத்துவிட்டார், யாருடையதையும் பிடித்து வைக்கவில்லை.

போகிறவர்கள் ஜனவரியிலேயே போங்கள், தை பிறந்தால் அவருக்குக் கல்யாண வேலை. எழுத்தை பிடிஎஃப் ஆகவும் சேர்த்துக் கொடுங்கள், உடைந்த இடத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பென் டிரைவில் கொண்டுபோங்கள். முன்பணம் பாதி, ஜிபே வாங்குகிறார். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது.