மூன்று நிமிடமும் ராஜவெல கெடித் தம்பியும்

கண்டிக்குப் போய் வந்தவர்கள் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, வாவிக்கரை நடை என்று எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். கட்டுநாயக்காவில் பெட்டி வந்ததா, வான்காரன் எவ்வளவு கேட்டான் என்பதெல்லாம் இங்கே இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு கொல்ஃப் பந்தைப் பற்றியும், அதைத் தேடிப்போன பெடியனைப் பற்றியும்தான்.

திகன தாண்டி ராஜவெல. விக்டோரியா நீர்த்தேக்கம் அங்குள்ள கொல்ஃப் மைதானத்தை மூன்று பக்கமும் வளைத்துக் கிடக்கிறது. மகாவலியை மறித்து, பிரிட்டிஷ்காரரின் உதவியோடு கட்டி, 1985இல் திறந்த அணை. உயரம் 122 மீற்றர். எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை, பழைய தெல்தெனிய டவுனில் பஸ் நின்றால் இறங்கி பிளேன்டீ குடித்த ஆட்கள்தானே. அந்த டவுன் இப்போது தண்ணீருக்குள். அதற்கு மேலே, மைதான வடிவமைப்பாளர் டொனால்ட் ஸ்டீல் வரைந்து கொடுத்த 18 குழி, பார் 73, அதாவது நல்ல ஆட்டக்காரர் 73 அடியில் முடிக்கவேண்டியது. பின்னால் நக்கிள்ஸ் மலை. டீயில், அதாவது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றால் பந்தைப் பார்ப்பதா மலையைப் பார்ப்பதா என்று கழுத்து தடுமாறும்.

நான் இந்த விளையாட்டைப் பழகியதே டொரொண்டோவின் ஸ்கார்பரோவில்தான். ஊரில் இருந்தபோது அதற்கு வழியில்லை. 1879இல் தொடங்கிய கொழும்பு ரோயல் கொல்ஃப் கிளப்பைக் களனிவெளி ரயில் பெட்டியில் இருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன்; தண்டவாளம் மைதானத்துக்குள்ளாலேயே போகும். நுவரெலியா மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அப்பாவின் தலைமுறைக்கு அதற்குமேல் அனுமதியும் இல்லை, ஆசையும் இல்லை. கனடா போனபிறகு, ஹைலண்ட் ஓடை குறுக்கே ஓடும் டாம் ஓஷான்டரில் பழகினேன். மாநகரசபை மைதானம். கைவண்டியை நானே இழுப்பேன், தூரத்தைக் கைபேசி சொல்லும், பின்னால் மார்ஷல், ஆட்டம் தாமதிக்காமல் பார்க்கிற ஆள், வந்து “கெதியா, கெதியா” என்று துரத்துவான். பனி விழுந்தால் அந்த வருடக் கணக்கு முடிந்தது.

ராஜவெலயில் பையைத் தூக்க ஆள் வந்து நின்றது. கெடி. இருபது வயது இருக்கும், தோட்டத்துப் பிள்ளை, நல்ல தமிழ். “சேர் எந்த ஊரு?” என்றான். “கண்டி” என்றேன். என் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தான்.

முதல் குழியிலேயே சண்டை. நான் பட்டரை, பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டையை, பிடித்து நிற்கிறேன், தம்பி நேர் பின்னால் குந்தி, “கொஞ்சம் இடது சேர், இன்னும் கொஞ்சம்” என்று குறி பார்த்துத் தருகிறான். 2019இல் விதி மாறிவிட்டது. ஆட்டக்காரர் அடிக்கத் தயாராகி நிற்கும்போது கெடி பின்னால் நிற்கக்கூடாது, நின்றால் தண்டம். சொன்னேன். “வாற சேர்மார் எல்லாரும் கேட்டு வாங்குறாங்களே” என்றான். குழியில் நிற்கும் கொடியைப் புடுங்கத் தேவையில்லை, அப்படியே விட்டு அடிக்கலாம் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கிரீனிலும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையிலும், ஓடிப்போய்ப் புடுங்கினான்.

அதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் பின் ஒன்பது குழிகளில் வந்தது. இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். மழை இல்லாத காலம், நீர்மட்டம் இறங்கி, தண்ணீர்ப் பகுதியின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கட்டைக்கு அப்பால் வெடித்த சேற்று நிலமும் அதில் முளைத்த புல்லுமாக ஒரு பெரிய சரிவு. என் பந்து அதற்குள்தான் துள்ளிப் போனது, நானும் தம்பியும் கூட ஆடிய கூட்டாளியும் மூன்று பேருமே பார்த்தோம். நான் ‘போகட்டும்’ என்று சொல்வதற்குள் தம்பி பையைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

தேடும் நேரம் முன்பு ஐந்து நிமிடம், 2019இலிருந்து மூன்று. ஆட்டக்காரர் தேடத் தொடங்கினாலும் சரி, அவருடைய கெடி தொடங்கினாலும் சரி, அந்த நொடியில் இருந்து கணக்கு. நான் கைபேசியில் நேரம் வைத்தேன். ஆமாம், வைத்தேன், கனடா ஆளை அப்படித்தான் ஆக்கிவிடுகிறது. மூன்று நிமிடம் முடிந்தது. “தம்பி, ஏறி வாங்க” என்றேன். புல்லுக்குள் தலை மட்டும் தெரிகிறது. நாலு. ஐந்து. பின்னால் வந்த கோஷ்டி வந்து சேர்ந்து, கோபப்படாமல் தேங்காய்த் தண்ணி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. டொரொண்டோவில் என்றால் இதற்குள் மார்ஷல் வந்திருப்பான்.

“கெடைச்சிருச்சு சேர்!”

பந்து சேற்றில் இல்லை, காய்ந்த மண்மேடொன்றின் உச்சியில், டீ ஆணியில் வைத்ததுபோல நிற்கிறது. என் பெயரெழுத்தோடு. தம்பி 7ஆம் நம்பர் அயன் மட்டையை நீட்டுகிறான், “அடிங்க சேர், சுத்தமா கெடக்கு.”

அடிக்க முடியாது. மூன்று நிமிடம் தாண்டிக் கிடைத்த பந்து தொலைந்த பந்துதான். அதை அடித்தால் பிழையான பந்தை அடித்த தண்டம். அது சிவப்புக் கட்டைக்குள் போனது நிச்சயம் என்பதால் ஒரு அடி கூட்டி, வெளியே வேறு பந்து போட்டு ஆட வேண்டியது. இதை நான் விளக்க விளக்க அவன் முகம் சுருங்கியது. என் கூட்டாளி, கொழும்பில் கம்பனி நடத்துகிறவன், “விடு மச்சான், பெடியன் உயிரைக் குடுத்துத் தேடியிருக்கான், அடி” என்கிறான். பின்னால் நின்ற கோஷ்டியும் “அடிங்க அடிங்க”.

“அவ்வளவு நேரம் எப்படித் தேடினீங்க, பாம்பு கீம்பு இருக்காதா?” என்று பேச்சை மாற்றினேன்.

“எங்க தாத்தா வேலை செஞ்ச தோட்டம் இந்தத் தண்ணிக்கு அடியிலதான் சேர். தண்ணி எறங்குற நேரமெல்லாம் சின்னதுல இங்கதான் வெளயாடுவோம். பந்து எங்க உருளும்னு தெரியும்.”

நான் விதிப்படிதான் ஆடினேன். பந்தை முழங்கால் உயரத்தில் இருந்து போட்டேன், அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கிரீனில் என் கண்ணுக்கு மலைப்பக்கம் சாய்வு. அவன் “தண்ணிப் பக்கம்தான் சேர் இழுக்கும், ரெண்டு குழி அகலம் விடுங்க” என்று தள்ளி நின்று சொன்னான். பின்னால் நிற்கவில்லை. பந்து அவன் சொன்ன வழியில் வளைந்து உள்ளே விழுந்தது. என் கைபேசியில் நூறு செயலி இருந்தும் இதைச் சொல்ல ஒன்று இல்லை.

கூட்டாளி என் கணக்கில் ஐந்து எழுதினான், நான் தண்ட அடியையும் சேர்த்து ஆறாகத் திருத்தினேன், அவன் மறுபடி வெட்டினான். அந்த அட்டை இன்னும் அவனிடம்தான், வாட்ஸ்அப்பில் படம் போட்டு என்னைக் கிண்டலடிக்கிறான்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே தொடங்குங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தோலை உரிக்கும். பந்து தாராளமாகக் கொண்டுபோங்கள். கெடிக்குக் கொடுக்கும் சந்தோஷக் காசை அவன் கையிலேயே கொடுங்கள். 2019 விதிகளைப் பற்றி வாய் திறப்பதாக இருந்தால், முதல் டீயிலேயே திறந்துவிடுங்கள்.