மூணு வார லீவும் ஏழு நாள் கெடுவும்

சிங்கப்பூரிலிருந்து மூணு வார லீவில் ஊருக்கு வந்து, நிலத்தைப் பிரித்து உட்பிரிவுப் பட்டா வாங்க இ-சேவை மையத்தில் மனுப் போட்டது சுலபமாக முடிந்தது. அளக்க வந்த சர்வேயர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "சிங்கப்பூர்தானே சார்? ஐயாயிரம் கொடுத்துடுங்க, நாளைக்கே ஸ்கெட்ச் ஏறிடும்." அந்தக் காலத்தில் கர்ணம் (ஊர்க் கணக்கர்) வீட்டுத் திண்ணையில் வெற்றிலையோடு சேர்த்து வைத்த காசு இன்னும் போகவில்லை. மனசு விட்டுப்போகிறது.

வாங்கினவர்மேல்தான் கேஸ் என்று ஊரில் இன்னமும் நினைக்கிறார்கள். 2018 ஜூலை 26 முதல் கொடுத்தவருக்கும் 7 ஆண்டுவரை சிறை உண்டு, ஊழல் தடுப்புச் சட்டம் 8ஆம் பிரிவு. வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். சிங்கப்பூர் திரும்பி ஆற அமர எழுதலாம் என்றிருந்தால் கெடு போய்விடும். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதுதான் சரி. சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி கொடுத்தால் குற்றமில்லை.

பணம் உங்களுடையது. நோட்டு எண்களை மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவில்) எழுதி, பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். அரசு ஊழியர் ஒருவர் சாட்சியாகக் கூட வருவார். லஞ்சம் கேட்ட ஊழியர் வாய்திறந்து கேட்கும்வரை நோட்டை நீட்டக் கூடாது. கேஸ் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். சோடியம் கார்பனேட் கரைசலில் வாங்கினவர் கை இளஞ்சிவப்பானால் பணம் தொட்டது நிரூபணமாகும், கேட்டது ஆகாது. நோட்டு கைப்பற்றியது மட்டும் போதாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. புகார்தாரர் பிறழ்சாட்சியாக மாறினாலும் இறந்தாலும் சூழ்நிலைச் சாட்சியத்தால் கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது பெரிய ஆறுதல்.

சிங்கப்பூரிலும் இருவருக்கும் தண்டனை உண்டு: 1 லட்சம் வெள்ளிவரை அபராதம், 5 ஆண்டுவரை சிறை. நம் ஊழல் தடுப்புச் சட்டத்தில் எரிச்சலூட்டுவது 19ஆம் பிரிவு. அந்த ஊழியரைப் பதவிநீக்கும் அதிகாரம் உள்ளவரே வழக்குத் தொடர அனுமதி தர வேண்டும். 3 மாதம், மிஞ்சினால் இன்னொரு மாதம் என்று கெடு வைத்தார்கள். ஆனால் கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்க்காமல் எந்தத் திருத்தமும் உருப்படாது. விசாரணையை 2 ஆண்டில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதற்குள் புகார்தாரரின் லீவு எத்தனை முறை முடிந்திருக்கும்!

வெளிநாட்டில் இருப்பவர்கள் விமானம் ஏறுமுன் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதியும்படி விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். 2024 ஜூலை 1இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் காணொலிச் சாட்சியத்துக்கு இடம் தருகிறது. அரசு வழக்கறிஞரிடம் அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவையுங்கள்.